நம் பக்கத்துப் போர்களும் அவற்றின் தேதிகளும்

(சங்கத்தின் செப்டம்பர் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எனக்குக் கொடுத்த நேரம் பதினைந்து நிமிடம். நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டேன். டீ ஆறிப் போனதாக மகளிர் அணியில் சொன்னார்கள். எழுத்தில் அந்தக் கஷ்டம் இல்லை. வேண்டியபோது நிறுத்திவிட்டு டீ குடித்து வரலாம்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வருடா வருடம் நம் சங்கம் ஒரே தாளில் ஒரு காலண்டர் அச்சடித்துக் கொடுக்கிறது. குப்பை வண்டி வரும் நாள், தாமிரபரணித் தண்ணீர் விடும் நாள், மின்வாரியப் பராமரிப்பு நாள், அவசரத் தொலைபேசி எண்கள். அடுத்த வருடக் காலண்டரில் சுதந்திரத்துக்காகப் போரிட்டவர்களின் நினைவு நாட்களையும் போட வேண்டும் என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். உடனே இன்னொருவர், 'அப்படியென்றால் எங்களவர் பெயரும் வரட்டும்' என்றார். மூன்றாவதாக எழுந்தவர் நம் ஏட்டையா. இருபத்தைந்து வருடம் அக்டோபர் மாதம் முழுக்க பந்தோபஸ்தில் ரோட்டோரம் நின்றவர். 'எதையும் போடாதீர்கள். தண்ணீர் வரும் நாள் போதும்' என்றார். கூட்டம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதிக்குப் பின்னால்தான் தலைவர் என்னைப் பார்த்து, 'சார், நீங்கள் புத்தகம் படிக்கிறவர், அடுத்த மாதம் இதைப் பற்றிப் பேசுங்கள்' என்றார்.

நான் பி.காம். படித்தவன். வரலாற்று வாத்தியார் அல்ல. வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். வவுச்சர் கைக்கு வந்தால் தொகையைப் பார்க்கும் முன் தேதியைப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் இந்தப் போர்களையும் பார்த்தேன்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பக்கம் போர்கள் புதிதல்ல. ஆனால் பழைய போர்களுக்குத் தேதி கிடையாது. திருச்சுழியை ஒட்டி இருக்கும் பள்ளிமடம் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். அங்கே ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கல்வெட்டுகள் உண்டு. 'சோழன் தலைகொண்ட வீரபாண்டியன்' என்று அரசனுக்குப் பட்டம் சொல்லி, அவனுடைய இத்தனையாவது ஆட்சி ஆண்டில் இன்னார் கோயிலுக்கு இது கொடுத்தார் என்று வெட்டியிருக்கிறார்கள். ஒரு தலை போன போர் என்றால் சின்ன விஷயமா? ஆனால் அது என்றைக்கு நடந்தது என்று கல் சொல்லவில்லை. விளக்குக்குக் கொடுத்த ஆட்டுக் கணக்கு இருக்கும், போர் நடந்த நாள் இருக்காது. அதனால் வீரபாண்டியனுக்கு ஆண்டு விழா எடுக்க யாராலும் முடியாது. ஒரு வகையில் நல்லதுதான்.

தேதியோடு போர்கள் கிடைப்பது கிழக்கிந்தியக் கம்பெனி வந்த பிறகு. கம்பெனி அடிப்படையில் ஒரு வியாபார நிறுவனம். அதன் ராணுவ அதிகாரி கோட்டையைப் பிடித்தாலும், பிடிக்க முடியாமல் ஓடி வந்தாலும், அன்றைக்கே சென்னைக்குக் கடிதம் எழுதியாக வேண்டும். எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை குண்டு செலவானது என்று கணக்குக் காட்ட வேண்டும். அப்படி அவர்கள் எழுதி வைத்த தேதிகளைத்தான் இன்று நாம் மாலை போட்டுக் கொண்டாடுகிறோம். நம்மை அடித்தவன் வைத்த டேபுக்கிலிருந்து நம் திருவிழா தேதியை எடுக்கிறோம். இது எனக்கு வேடிக்கையாகவும் இருக்கிறது, கொஞ்சம் வருத்தமாகவும் இருக்கிறது.

கணக்கு என்றதும் கட்டபொம்மன் கதையை அங்கிருந்தே தொடங்குகிறேன். 1959-ல் வந்த சிவாஜி படத்தைப் பார்த்த எல்லோருக்கும் வரி பற்றிய வசனம் மனப்பாடம். நிஜமான கணக்கு இது. 1798-ல் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையம் கம்பெனிக்குச் செலுத்த வேண்டிய பாக்கி 3,310 பகோடா என்று கலெக்டர் ஜாக்சன் கணக்குக் காட்டினார். ராமநாதபுரத்துக்கு வந்து தன்னைப் பார்க்கச் சொல்லி ஓலை அனுப்பினார். கட்டபொம்மன் புறப்பட்டார். ஆனால் கலெக்டர் ஒரு இடத்தில் இருக்கவில்லை. குற்றாலத்தில் பார்க்கப் போனால் பார்க்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் காத்திருந்தால் அங்கேயும் இல்லை என்றார். அங்கிருந்து பாவாலி, கமுதி வழியாக ராமநாதபுரம். வரைபடத்தில் பாவாலிக்கும் கமுதிக்கும் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். நம் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே போகும். ஒரு பாளையக்காரர் தன் பரிவாரத்தோடு ஒரு கலெக்டரைத் துரத்திக்கொண்டு நம் பொட்டல் காட்டைக் கடந்திருக்கிறார். எதற்கு? கணக்கைச் சரிபார்க்க.

1798 செப்டம்பரில் ராமநாதபுரம் அரண்மனையில் கடைசியில் பேட்டி கிடைத்தது. மூன்று மணி நேரம் நிற்க வைத்துப் பேசினார்கள். கணக்கைப் பார்த்தால், பெரும்பகுதி கட்டியாகிவிட்டது. மிச்சம் 1,080 பகோடாதான். அதாவது 3,310-ல் 2,230 வசூல். நூற்றுக்கு 67. விவசாயக் கடன் வசூலில் இந்த விகிதம் வந்தால் அந்தக் காலத்தில் எங்கள் மேனேஜர் கட்சிக்காரருக்கு காபி வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பார். ஜாக்சன் கைது செய்யப் பார்த்தார். வாசலில் கைகலப்பு. கம்பெனி தரப்பில் கிளார்க் என்ற லெப்டினன்ட் செத்தார். கட்டபொம்மன் தப்பினார். அவருடைய தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: கட்டபொம்மன் சென்னைக்கு முறையீடு எழுதினார், கவர்னர் விசாரணைக் குழு போட்டார், தானாபதி விடுவிக்கப்பட்டார், ஜாக்சன் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் இடத்துக்கு லூஷிங்டன் வந்தார். அந்த இடத்தில் விஷயம் முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஒரு வருடத்துக்குள் பானர்மேன் படையோடு வந்தார்.

1799 செப்டம்பர் 5. பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டை மீது முதல் தாக்குதல். கற்கோட்டை என்றால் பீரங்கிக் குண்டு பட்டால் உடையும். மண் சுவர் குண்டை வாங்கி வைத்துக்கொள்ளும். அன்று கோட்டைக்குள் நுழைய முயன்றவர்கள் அடிவாங்கித் திரும்பினார்கள். செத்த வெள்ளைக்கார அதிகாரிகளின் கல்லறைகள் ஒட்டப்பிடாரம் பக்கம் இன்றும் இருக்கின்றன. போகிறவர்கள் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். கல்லறைகளையும் ஒரு தரம் பாருங்கள் என்பேன். தூர தேசத்திலிருந்து வந்து நம் வெயிலில் செத்த பையன்கள் அவர்களும்.

பிறகு பெரிய பீரங்கிகள் வருகின்றன என்று தெரிந்து கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். தானாபதியைப் பிடித்து நாகலாபுரத்தில் தூக்கிலிட்டார்கள். நாகலாபுரம் எங்கே இருக்கிறது? நம் பந்தல்குடியைத் தாண்டி, புதூர் வழியாகப் போகும் ஊர். அங்கே மிளகாய் வாங்கப் போகிறோம். ஒருவரும் அங்கே அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. கட்டபொம்மனைப் புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆட்கள் பிடித்துக் கொடுத்தார்கள். அக்டோபர் 16 அன்று கயத்தாறில், மற்ற பாளையக்காரர்களை வரிசையாக உட்கார வைத்து, ஒரு விசாரணை என்று நடத்தி, புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள். செப்டம்பர் 5-லிருந்து எண்ணினால் நாற்பத்தோராவது நாள். 1970-ல் நடிகர் சிவாஜி தன் சொந்தச் செலவில் அங்கே இடம் வாங்கிச் சிலை வைத்தார். அது மதுரை – திருநெல்வேலி சாலையில் இருப்பதால் பஸ்ஸில் போகும் எல்லோரும் பார்க்கிறோம்.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது 1801. அதை வருடக் கணக்கில் சொல்லக் கூடாது, நாள் கணக்கில் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 2. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் கூட்டாளிகளும் தப்பினார்கள். ஒரு வாரத்தில் கம்பெனிப் படை பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய்ப் பார்த்தால், இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டை மறுபடியும் நிற்கிறது. வீட்டுக்குக் காம்பவுண்ட் சுவர் கட்டக் கொத்தனாரை வரவழைப்பதற்கே நமக்கு ஒரு மாதம் ஆகிறது. ஜனங்கள் ஒன்றுகூடிக் கட்டியிருக்கிறார்கள். மார்ச் 31-ல் மேஜர் மெக்காலே தலைமையில் பெரிய தாக்குதல். கம்பெனிப் படை படுதோல்வி அடைந்து பின்வாங்கியது. இந்தத் தேதியில் எங்கும் யாரும் கொடி ஏற்றுவதாகத் தெரியவில்லை. நம்மவர்கள் ஜெயித்த நாள் அது! தூக்குக் கயிறு இருந்தால்தான் நமக்கு விழா என்று ஆகிவிட்டதோ என்று சில சமயம் நினைப்பேன். மார்ச் 31 என்றால் வங்கிக்காரனுக்கு வருடக் கணக்கு முடிக்கும் நாள், ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்திருப்போம். அந்த நாளுக்கு இப்படி ஒரு கதை உண்டு என்று வேலையில் இருந்த காலத்தில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

மே மாதம் கர்னல் அக்னியூ கூடுதல் படையோடு வந்தார். மே 24, அக்னி நட்சத்திர வெயிலில், கோட்டை விழுந்தது. பிப்ரவரி 2-லிருந்து 111 நாட்கள்.

அன்று நடந்த ஒரு சம்பவத்தை ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். அவர் அந்தப் போரில் இருந்தவர். 1830-ல் தன் ராணுவ நினைவுகளை இரண்டு பாகமாக வெளியிட்டார். திருநெல்வேலி வரலாறு எழுதிய பிஷப் கால்டுவெல்லும் அதை எடுத்துச் சொல்லியிருக்கிறார். கோட்டைக்கு வெளியே மூன்று மைல் தூரத்தில் ஒரு சிற்றூர். இரவில் பெண்கள் தங்கள் ஆட்களைத் தேடிப் பிணங்களுக்கு நடுவே வருகிறார்கள். ஒரு தாய் தன் மகனைக் கண்டுபிடிக்கிறாள். உயிர் இருக்கிறது. தூக்கப் போகிறாள். அவன், தன்னை விட்டுவிட்டு, பக்கத்தில் காயம்பட்டுக் கிடக்கும் சாமியைத் தூக்கிக்கொண்டு போகும்படி கேட்கிறான். சாமி என்றால் ஊமைத்துரை. அவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்துவிட்டார்கள். பெண்கள் ஊமைத்துரை மேல் வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டு ஒப்பாரி வைத்தார்கள். அம்மை கண்டு செத்துப் போனான் என்றார்கள். அம்மை என்று காதில் விழுந்ததும் தேடி வந்தவர்கள் நிற்கவில்லை.

இந்தத் தாயின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவள் என்ன சாதி என்றும் இல்லை. அதனால் அவளுக்கு ஃப்ளெக்ஸ் கிடையாது. மே 24-ஐக் காலண்டரில் போட வேண்டும் என்று நான் கேட்பதற்கு முக்கியக் காரணம் அவள்தான்.

தேடி வந்தவர்கள் எட்டயபுரத்தார் என்பதையும் கவனியுங்கள். தூத்துக்குடி பஸ்ஸில் நாம் கடந்து போகும் எட்டயபுரம். கம்பெனிப் படையில் துப்பாக்கி பிடித்தவர்களில் பெரும்பாலோர் நம் சிப்பாய்களே. கோட்டைக்குள் இருந்தவர்களைப் பார்த்தால், பாளையக்காரர் வீட்டில் பேசியது தெலுங்கு. தானாபதி ஒரு பிள்ளை. தளபதிகளில் வெள்ளையத்தேவன், சுந்தரலிங்கம் என்று வேறு வேறு சமுதாயத்தார். இன்று ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சங்கம், ஒரு தேதி, ஒரு கொடி. அன்று ஒரே சுவருக்கு ஒன்றாக மண் குழைத்தவர்கள் இவர்கள்.

ஊமைத்துரை காயத்தோடு நம் கிழக்கே இருக்கும் கமுதிக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்து சின்ன மருது அவரைச் சிறுவயலுக்கு அழைத்துக்கொண்டார். இந்த இடத்தில் கதை முழுக்க நம் தாலுகாவுக்குள் வந்துவிடுகிறது. மருது சகோதரர்கள் பிறந்தது நரிக்குடியை அடுத்த முக்குளம். பெரியவர் 1748-ல், சின்னவர் 1753-ல். மொக்க பழனியப்பன் சேர்வையின் பிள்ளைகள். அரச குடும்பம் அல்ல. சிவகங்கை அரண்மனையில் வேலைக்குச் சேர்ந்து மேலே வந்தவர்கள். 1772 ஜூன் 25-ல் காளையார்கோவிலில் கம்பெனிப் படை மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்றபோது, ராணி வேலு நாச்சியாரைப் பத்திரமாக விருப்பாட்சிக்குக் கொண்டு போய், எட்டு வருடம் பொறுத்திருந்து, 1780-ல் சிவகங்கையைத் திரும்ப மீட்டுக் கொடுத்தவர்கள். நரிக்குடியில் அவர்கள் பெயர் சொல்லும் பழைய சத்திரம் இருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று கூட்டத்தில் கேட்டேன். இரண்டு கை உயர்ந்தது. மைசூர் அரண்மனையைப் பார்த்தவர்கள் என்றதும் எல்லாக் கையும் உயர்ந்தது.

1801 ஜூன் 16. மருது பாண்டியர் பெயரில் ஒரு அறிக்கை திருச்சிக் கோட்டைச் சுவரிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. ஜம்புத் தீவில் வாழும் எல்லாச் சாதியாரையும், முஸ்லிம்களையும் சேர்த்து விளித்து, ஐரோப்பியரை எதிர்த்து ஒன்றுபடச் சொன்ன அறிக்கை. பேராசிரியர் கே. ராஜய்யன் 1971-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தக் கிளர்ச்சியை முதல் சுதந்திரப் போர் என்றே பெயரிட்டார். அதற்கு அவர் கொண்ட ஆதாரங்களில் முக்கியமானது இது. சாதிச் சங்க மேடையில் மருதுவின் படத்துக்குக் கீழே இந்த அறிக்கையையும் பெரிதாக அச்சடித்து வைத்தால் நன்றாக இருக்கும்.

அதன் பின் கம்பெனிப் படை சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிச் சாலை போடப் பார்த்தது. ஒரு மாதத்துக்கு மேல் வெட்டினார்கள். கடைசியில் முடியாமல் கைவிட்டுத் திரும்பினார்கள். படையால் முடியாததைப் பிறகு வேறு வழியில் முடித்தார்கள். அரச குடும்பத்து உறவினரான படமாத்தூர் கௌரி வல்லபரைக் கொண்டு வந்து ஜமீன்தாராக முடிசூட்டினார்கள். ஜனங்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். அக்டோபர் 1-ல் மூன்று பக்கமிருந்தும் புகுந்து காளையார்கோவிலைப் பிடித்தார்கள். 24-ந் தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். இடையில் 23 நாள். அங்கிருந்து சரியாக இன்னொரு 23 நாள் கழித்து, நவம்பர் 16-ல், ஊமைத்துரையை அவர் கட்டிய கோட்டை இருந்த பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டு வந்து தூக்கிலிட்டார்கள். கோட்டையை இடித்து, ஏர் பூட்டி உழுது, ஆமணக்கு விதைத்தார்கள் என்று சொல்வார்கள். இப்போது அங்கே நிற்கும் கோட்டை 1974-ல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை.

பெரும்பாலான மேடைப் பேச்சு அக்டோபர் 24-லேயே முடிந்துவிடும். கணக்கு அங்கே முடியவில்லை. 1802 பிப்ரவரி 11. எழுபதுக்கும் மேற்பட்டவர்களைத் தூத்துக்குடியில் கப்பல் ஏற்றி மலாய் நாட்டுப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். அதில் ஒருவன் துரைசாமி, சின்ன மருதுவின் மகன். வயது பதினைந்து. பத்தாம் வகுப்புப் பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெல்ஷைப் பற்றி மேலே சொன்னேன். அந்த வெல்ஷ், போருக்கு ஆறு வருடம் முன்னால், 1795-ல், இளம் அதிகாரியாக நம் பக்கம் இருந்தபோது சின்ன மருதுவின் நண்பர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று அவரே எழுதியிருக்கிறார். 1801-ல் அந்த ஆசானுக்கு எதிராகவே படையில் வந்தார். 1818-ல் பினாங்குக்குப் போனபோது, தளர்ந்து போன ஒரு மனிதர் அவர் முன்னால் வந்து நின்றார். துரைசாமி. முப்பது வயதைத் தாண்டி ஒன்றிரண்டு வருடம்தான், பார்த்தால் கிழவர் மாதிரி. வெல்ஷ் மனம் உடைந்து போனதாக எழுதுகிறார். ஜெயித்தவனையும் பதினேழு வருடம் கழித்து இப்படி வந்து பிடிக்கும் என்றால் அது என்ன வெற்றி என்று அந்தப் பக்கத்தைப் படித்த இரவு நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 11-ஐ யாரும் கேட்டு வரவில்லை. எந்தச் சங்கத்துக்கும் அது தேவைப்படவில்லை போலிருக்கிறது. நம் காலண்டரில் நான் முதலில் போடச் சொல்வது அதைத்தான்.

இப்போது ஒரு சின்னக் கிளைக்கதை. நம் டீச்சரம்மா ஒரு நல்ல கேள்வி கேட்டார்கள். 'நம் முன்னோரை நினைக்கத் தமிழ் மாதம், நட்சத்திரம், திதி பார்க்கிறோம். இவர்களுக்கு மட்டும் ஏன் ஆங்கிலத் தேதி?' பதில் சொல்கிறேன். திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30-ல் பிறந்தவர். ஆனால் ஜெயந்தி மார்கழி புனர்பூசத்தில். அதனால் ஆங்கிலத் தேதி வருடா வருடம் மாறும். மாதப் பிறப்பே மெல்ல நகர்கிறது. விவேகானந்தர் பிறந்தது 1863 ஜனவரி 12, அன்று மகர சங்கராந்தி. இன்று பொங்கல் 14 அல்லது 15. ஆகவே வைகாசி இத்தனையாம் தேதி என்று வைத்தால் அது மே 24-ஐ விட்டு விலகிக்கொண்டே போகும். இங்கிலீஷ்காரர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. அயர்லாந்தில் பாய்ன் ஆற்றங்கரைப் போர் 1690 ஜூலை 1-ல் நடந்தது. பிறகு அவர்கள் காலண்டரையே மாற்றியதில், இன்று வட அயர்லாந்தில் அதை ஜூலை 12-ல் கொண்டாடுகிறார்கள்.

அந்த ஜூலை 12-ஐப் பற்றி இன்னும் ஒன்று. அங்கே ஒரு பிரிவினர் அன்று முரசு அடித்துக்கொண்டு ஊர்வலம் போவார்கள். இன்னொரு பிரிவினர் வசிக்கும் தெரு வழியாகப் போகலாமா கூடாதா என்று வருடா வருடம் தகராறு. 1998-ல் ஊர்வலப் பாதையைத் தீர்மானிக்கவே ஒரு ஆணையம் போட்டுச் சட்டம் செய்தார்கள். முன்னூறு வருடம் ஆன போர்! இதைச் சொன்னதும் ஏட்டையா சத்தமாகச் சிரித்தார். அவருக்குத்தான் புரியும்.

நமக்கு அக்டோபர் எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். 24 திருப்பத்தூர், 27 காளையார்கோவில், 30 பசும்பொன். அந்த வாரம் முழுக்கத் தடை உத்தரவு, மதுக்கடை மூடல், வாகன அனுமதிச் சீட்டு, மாற்றுப் பாதை. நான் வேலை பார்த்த கிளைக்குப் பணம் கொண்டு வரும் வண்டி அந்த வாரத்தில் எந்த வழியாக எத்தனை மணிக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. பென்ஷன் வாங்க வந்த பாட்டிகள் திண்ணையில் காத்திருப்பார்கள். இதெல்லாம் சிறு கஷ்டம். பெரிய கஷ்டம், வண்டி மேல் ஏறிக் கத்திக்கொண்டு போகும் பையன்கள். அவர்களில் சிலர் திரும்பி வருவதில்லை. ஏட்டையா அந்த உடல்களை ரோட்டிலிருந்து தூக்கியவர். 'காலண்டரில் தேதி போட்டால் நாளைக்கு ஃப்ளெக்ஸ் கேட்பான். ஃப்ளெக்ஸ் வைத்தால் அடுத்த தெருக்காரன் பெரிய ஃப்ளெக்ஸ் கேட்பான்' என்று அவர் சொன்னது அனுபவம். அதை நான் லேசாகத் தள்ளவில்லை.

ஆனால் போடாமல் விட்டால் தேதி மறைந்துவிடுமா? பையன்களுக்கு அக்டோபர் 24 ஏற்கெனவே தெரியும். மே 24-ம் மார்ச் 31-ம் பிப்ரவரி 11-ம்தான் தெரியாது. ஒரு தேதி மட்டும் தெரிந்தால் அது ஒருவருக்குச் சொந்தமாகிவிடுகிறது. எல்லாத் தேதியும் வரிசையாகத் தெரிந்தால், இவரைக் காப்பாற்றியது அவர், அவரோடு சேர்ந்து செத்தது இவர் என்று தெரிந்துவிடும். பிறகு மேடையில் ஒருவர் வந்து பிரித்துச் சொன்னால் பையன் கேட்கும் கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியாது. இது என் கருத்து.

ஆஸ்திரேலியாவில் பிள்ளைகளைக் குடிவைத்திருக்கும் இரண்டு வீட்டார் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏப்ரல் 25 தெரிந்திருக்கும். 1915-ல் துருக்கியின் கல்லிப்போலிக் கடற்கரையில் அந்த நாட்டுப் பையன்கள் இறங்கிய நாள். அந்தப் படையெடுப்பு தோல்வியில் முடிந்தது. விடியற்காலை இருட்டில் கூடி, கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்கள். கோஷம் இல்லை. நாமும் அப்படி நின்று பார்க்கலாம்.

என் யோசனை இவ்வளவுதான். காலண்டரில் தேதி, ஊர், ஒரு வரி. படம் வேண்டாம், பட்டம் வேண்டாம், சாதிப் பெயர் வேண்டாம். இரு பக்கமும் செத்தவர்கள் உண்டு என்பது அந்த வரியில் தெரிய வேண்டும். குடியிருப்புக்குள் யாருக்கும் ஃப்ளெக்ஸ் கிடையாது என்று அதே கூட்டத்தில் தீர்மானம் போட வேண்டும். இரண்டையும் சேர்த்துத்தான் நிறைவேற்ற வேண்டும், ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏட்டையா, 'தீர்மானம் முதலில், காலண்டர் பிறகு' என்றார். எனக்குச் சம்மதம்.

வாக்கெடுப்பு அக்டோபர் கூட்டத்தில். ஆதரவோ எதிர்ப்போ, செயலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் கட்டை விரலைக் காட்டினால் கணக்கில் சேராது என்று அவர் சொல்லச் சொன்னார்.

காலண்டர் வந்தாலும் வராவிட்டாலும், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்வதாகப் பொருளாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் நாள் நரிக்குடிச் சத்திரமும் முக்குளமும், வரும் வழியில் பள்ளிமடம் கல்வெட்டும். இன்னொரு நாள் தூத்துக்குடி சாலையில் எட்டயபுரம், குறுக்குச்சாலையில் திரும்பிப் பாஞ்சாலங்குறிச்சி, பக்கத்தில் அந்த வெள்ளைக்காரர் கல்லறைகள். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன் பார்த்துவிடலாம். தொப்பி, தண்ணீர், கட்டுச்சோறு அவரவர் பொறுப்பு. பெரியவர்களுக்கு வேனில் ஆறு இடம் மட்டும் உண்டு. ஒன்றை ஏட்டையா சொல்லி வைத்துவிட்டார்.